அத்தியாயம் 6: வேலை எங்கே நிற்கிறது?

காரைக்குடியில் பத்துப் பதினைந்து பேரை வைத்து மென்பொருள் அலுவலகம் நடத்துகிறவர்களிடம் பேசினால், பேச்சு எப்படியும் ஒரு கேள்விக்கு வந்துவிடும்: "பசங்களை எப்படித் தக்கவைப்பது?" ஆள் கிடைப்பதில் இங்கே குறையில்லை. அழகப்பா பல்கலைக்கழகம் இருக்கிறது, 1952 முதல் இயங்கும் அழகப்பா செட்டியார் பொறியியல் கல்லூரி இருக்கிறது. சேர்ந்தவர் ஒன்றரை வருடம் வேலை கற்றுக்கொள்கிறார். கை நன்றாக ஓட ஆரம்பிக்கிற சமயத்தில் பெட்டியைக் கட்டிக்கொண்டு சென்னைக்குப் பல்லவன் எக்ஸ்பிரஸ் ஏறிவிடுகிறார். சம்பளம்தான் காரணம் என்று முதலாளி முடிவு கட்டுகிறார்.

சம்பளம் ஒரு காரணம்தான். சென்னைச் சம்பளத்தை உங்களால் கொடுக்க முடியாமல் போகலாம். ஆனால் கொடுப்பதை 1ஆம் தேதி கொடுக்க முடியும், பி.எஃப். ஒழுங்காகக் கட்ட முடியும். "கிளையன்ட் பணம் வரட்டும்" என்று 12ஆம் தேதிவரை இழுக்கிற அலுவலகத்துக்கு இந்த அத்தியாயத்தின் மற்ற பக்கங்கள் எதுவும் பயன்படாது. அதேபோல, புதிதாகச் சேருகிறவரின் அசல் சான்றிதழ்களை வாங்கிப் பூட்டி வைப்பது, இரண்டு வருட பாண்டில் கையெழுத்து வாங்குவது போன்ற பழக்கங்கள் இருந்தால் அவற்றை இன்றே விடுங்கள். சான்றிதழுக்காகத் தங்கியிருப்பவர் வேலைக்காகத் தங்கியிருப்பவர் அல்ல. அவர் எழுதித் தரும் நிரலிலேயே அது தெரியும்.

ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் என்ற அமெரிக்க உளவியலாளர் வேலையில் வரும் அதிருப்தியையும் திருப்தியையும் 1959லேயே பிரித்துக் காட்டினார். சம்பளம், வேலைச் சூழல், நிர்வாக விதிகள் போன்றவை சரியாக இல்லாவிட்டால் அதிருப்தி வரும். அவற்றைச் சரிசெய்துவிட்டால் அதிருப்தி போகும், அவ்வளவுதான். திருப்தி வேறு இடத்திலிருந்து வருகிறது: ஒன்றைச் செய்து முடித்தோம் என்ற உணர்வு, பொறுப்பு, செய்யும் வேலையின் தன்மை. டெவலப்பர்கள் விஷயத்தில் இது இன்னும் அழுத்தமாகப் பொருந்துகிறது. மார்கரெட்-ஆன் ஸ்டோரி என்ற மென்பொருள் ஆய்வாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் மைக்ரோசாஃப்ட் டெவலப்பர்களிடம் நடத்திய ஆய்வில், திருப்தியும் உற்பத்தித்திறனும் ஒன்றையொன்று வளர்ப்பதைப் பார்த்தார்கள். வேலை நகர்ந்தால் மனம் நிறைகிறது, மனம் நிறைந்தால் வேலை நகர்கிறது. ஆகவே பிறந்தநாள் கேக்கும் கேரம் போர்டும் வாங்குவதற்கு முன்னால் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: என் அலுவலகத்தில் வேலை எங்கே நிற்கிறது?

ஒரு திருத்தத்தைப் பின்தொடருங்கள்

ஒரு பில்லிங் மென்பொருளை எடுத்துக்கொள்வோம். தேவகோட்டையில் ஒரு ஜவுளிக்கடை பயன்படுத்துகிறது. பில்லில் ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியாக ஜிஎஸ்டி கணக்கிட்டு ரவுண்ட் செய்தால் ஒரு தொகை வருகிறது. மொத்தத்துக்குக் கணக்கிட்டு ரவுண்ட் செய்தால் சில பைசா வித்தியாசம் வருகிறது. ஆடிட்டர் கேட்கிறார், கடைக்காரர் போன் செய்கிறார். திங்கட்கிழமை காலை டிக்கெட் போடப்படுகிறது. உங்கள் டெவலப்பர் பதினோரு மணிக்குக் காரணத்தைக் கண்டுபிடித்து, ஒரு மணிக்குள் சரிசெய்து, ரிவ்யூவுக்கு அனுப்பிவிட்டுச் சாப்பிடப் போகிறார்.

ரிவ்யூ செய்ய வேண்டிய டீம் லீட் அன்று முழுக்க கிளையன்ட் அழைப்பில் இருக்கிறார். செவ்வாய்க்கிழமையும் நேரமில்லை. புதன் மாலை பார்த்து, ஒரு வேரியபிளின் பெயரை மாற்றச் சொல்கிறார். அதற்குள் டெவலப்பர் வேறொரு வேலைக்குள் போய்விட்டார். திரும்ப வந்து, எதை ஏன் மாற்றினோம் என்று நினைவுபடுத்திக்கொண்டு மாற்றுகிறார். வியாழன் டெஸ்டர் லீவு. வெள்ளிக்கிழமை ரிலீஸ் போடக்கூடாது என்பது முதலாளியின் கொள்கை. அடுத்த செவ்வாய்க்கிழமை கடைக்குப் போய்ச் சேருகிறது. கடைக்காரர் நன்றி சொன்னது சப்போர்ட்டில் இருப்பவருக்கு மட்டும் தெரியும்; எழுதியவர் காதுக்கு அது வருவதே இல்லை.

வேலை இரண்டு மணி நேரம், காத்திருப்பு எட்டு நாள். இந்தக் கதையில் யாரும் சோம்பேறி இல்லை. ஆனால் வாரத்துக்கு நான்கு திருத்தங்கள் இப்படிக் கிடந்தால், அந்தப் பையன் ஆறு மாதத்தில் "இங்கே ஒன்றும் நடக்காது" என்ற முடிவுக்கு வந்துவிடுவான். பல்லவன் டிக்கெட் அங்கேதான் எடுக்கப்படுகிறது.

செட்டிநாட்டில் கணக்கு எழுதச் சொல்லித்தர வேண்டியதில்லை. நான்கு கட்டம் போட்ட ஒரு நோட்டுப் புத்தகம் போதும்: வேலை கேட்கப்பட்ட நாள், கையில் எடுத்த நாள், எழுதி முடித்த நாள், வாடிக்கையாளர் பயன்படுத்தத் தொடங்கிய நாள். ஒரு மாதம் எழுதுங்கள். மூன்றாவது கட்டத்துக்கும் நான்காவது கட்டத்துக்கும் நடுவில்தான் பெரும்பாலான அலுவலகங்களில் நாட்கள் கரைகின்றன. ஆனால் முதலாளிகள் துரத்துவதெல்லாம் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் உள்ள நேரத்தை: "இன்னும் முடியலையா?"

இடம் தெரிந்துவிட்டால் மருந்து கடினமில்லை. ரிவ்யூவுக்கு வந்தது அன்றைக்கே பார்க்கப்பட வேண்டும். சாப்பாட்டுக்குப் பின் முதல் அரைமணி அதற்கென்று ஒதுக்குங்கள். டீம் லீட் ஒருவர்தான் பார்க்க வேண்டும் என்று வைக்காதீர்கள். பக்கத்து இருக்கைக்காரர் பார்க்கட்டும், ஒரு வருட அனுபவம் உள்ளவர் சீனியர் எழுதியதையும் பார்க்கட்டும். அதுவே அவருக்குப் பாடம். மாற்றங்களைச் சிறியதாக அனுப்பப் பழக்குங்கள். ஐம்பது வரியை ஒருவர் உண்மையாகவே படிப்பார், ஆயிரம் வரி வந்தால் "ஓகே" போட்டுவிடுவார். வெள்ளிக்கிழமை ரிலீஸ் பயம் உங்களுக்கு இருந்தால், பயம் வெள்ளிக்கிழமையில் இல்லை, டெஸ்டிங்கில் இருக்கிறது. தானாக ஓடும் சோதனைகள் இருந்து, பழைய பதிப்புக்கு ஐந்து நிமிடத்தில் திரும்பும் வசதியும் இருந்தால் எந்தக் கிழமையும் நல்ல கிழமைதான். நிக்கோல் ஃபோர்ஸ்கிரென், ஜெஸ் ஹம்பிள், ஜீன் கிம் மூவரும் 2018இல் வெளியிட்ட 'ஆக்ஸிலரேட்' நூல் பல ஆண்டு ஆய்வுகளின் முடிவாக இதைத்தான் சொல்கிறது: அடிக்கடி ரிலீஸ் செய்கிற நல்ல குழுக்கள் வேகத்துக்காக நிலைத்தன்மையை விட்டுக்கொடுப்பதில்லை; இரண்டும் சேர்ந்தே உயர்கின்றன.

கடைக்காரரின் அந்த நன்றி எழுதியவருக்குப் போய்ச் சேர வேண்டும். இதற்குச் செலவே இல்லை. இன்னும் நல்லது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை டெவலப்பரை அந்தக் கடைக்கே அனுப்புங்கள். கல்லாவில் இருப்பவர் ஒரு பில் போட எத்தனை தடவை மவுஸைத் தேடுகிறார் என்று அரை மணி நேரம் நின்று பார்த்துவிட்டு வந்தவர், யாரும் டிக்கெட் போடாமலே இரண்டு ஷார்ட்கட் கீ சேர்ப்பார். சென்னையில் உட்கார்ந்து அமெரிக்க வங்கிக்கு எழுதுகிறவருக்கு இந்த வாய்ப்பு கிடையாது. உங்களுக்கு பஸ் செலவோடு கிடைக்கிறது.

அமைதி ஒரு கருவி

மென்பொருள் ஆலோசகர்களான டாம் டிமார்க்கோவும் டிமோத்தி லிஸ்டரும் 1984 முதல் 1986 வரை, 92 நிறுவனங்களைச் சேர்ந்த 600க்கும் மேற்பட்ட நிரலாளர்களுக்கு ஒரே வேலையைக் கொடுத்துப் போட்டி நடத்தினார்கள். அனுபவத்துக்கும் செயல்திறனுக்கும், சம்பளத்துக்கும் செயல்திறனுக்கும் சொல்லிக்கொள்ளும்படி தொடர்பு தெரியவில்லை. வேலை செய்யும் இடத்துக்கும் செயல்திறனுக்கும் தெரிந்தது. "தேவையில்லாமல் உங்களைக் குறுக்கிடுகிறார்களா?" என்ற கேள்விக்கு, முன்னணியில் வந்த கால்பகுதியினரில் 38 சதவீதம் பேர் ஆம் என்றார்கள், கடைசிக் கால்பகுதியினரில் 76 சதவீதம் பேர். நாற்பது வருடம் ஆகியும் இந்தப் பாடத்தை நாம் சரியாகக் கற்கவில்லை. இன்று குறுக்கீடு ஆளாக வருவதைவிட வாட்ஸ்அப்பாக அதிகம் வருகிறது.

நம் ஊர்ச் சிறு அலுவலகங்களின் பெரிய வியாதி, கிளையன்ட்டுகளிடம் டெவலப்பரின் சொந்த எண் இருப்பது. "தம்பி, ஒரு நிமிஷம்" என்று தொடங்கும் அழைப்பு ஒரு நிமிடத்தில் முடிந்ததே இல்லை. அலுவலகத்துக்கென்று ஒரே எண் வையுங்கள். அதை ஒரு வாரத்துக்கு ஒருவர் முறைவைத்துப் பார்க்கட்டும். அந்த வாரம் அவரிடம் புதிய வேலை எதுவும் எதிர்பார்க்காதீர்கள். மற்றவர்களுக்குக் காலை பத்து முதல் ஒரு மணி வரை மீட்டிங் இல்லை, போன் இல்லை. முதலாளிக்கும் இதே விதிதான். உங்களுக்கு ஏதாவது தோன்றியவுடன் எழுந்து போய் ஒருவரின் தோளைத் தட்டுகிற பழக்கம் இருந்தால், அலுவலகத்தின் முதல் குறுக்கீடு நீங்கள்.

பழைய செட்டிநாட்டு வீட்டில் அலுவலகம் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக இரண்டு வார்த்தை. வளவு என்ற நடு முற்றத்தைச் சுற்றியுள்ள அறைகள் தடித்த சுவரோடு குளிர்ச்சியாகவும் சத்தமில்லாமலும் இருக்கும். யோசித்து எழுதும் வேலைக்கு அவற்றைவிட நல்ல இடம் கண்ணாடிக் கட்டடங்களில் கிடையாது. பேச்சு, போன், டீ எல்லாம் முகப்போடு நிற்கட்டும். ஆனால் அதே சுவர் வைஃபையை உள்ளே விடாது. அறைக்கு அறை லேன் கேபிள் இழுத்துவிடுங்கள். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை முன்கூட்டியே அறிவிக்கப்படுகிறது. அன்று காலை ஒன்பது மணிக்கு வந்து "கரண்ட் இல்லையே" என்று விழிக்க வேண்டியதில்லை. அதை வீட்டிலிருந்து வேலை செய்யும் நாளாகவோ கடைக்குப் போகும் நாளாகவோ வைத்துக்கொள்ளுங்கள். வேலை பார்க்கும் மெஷின்களிலும் கஞ்சத்தனம் வேண்டாம். ஒரு பில்ட் ஓடி முடிய எட்டு நிமிடம் ஆகிறதென்றால், அந்த எட்டு நிமிடத்தில் அவர் யூடியூபுக்குப் போவார். போனவர் இருபது நிமிடம் கழித்துத் திரும்புவார். கூடுதல் ரேமின் விலை அதைவிடக் குறைவு.

முழுப் பொறுப்பு

இந்த மண்ணில் தூரத்து வேலையை நடத்திய அனுபவம் கம்ப்யூட்டருக்கு முந்தியது. செட்டிநாட்டு வணிகர்களான நகரத்தார் பர்மாவிலும் மலாயாவிலும் லேவாதேவி நடத்தியபோது முதலாளி ஊரில் இருந்தார். கடையை நடத்தியவர் ஏஜென்ட். பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவர் கணக்குப் படித்து, அடுத்தாளாகி, பிறகு ஏஜென்டாக உயர்ந்தார். வழக்கமாக மூன்று வருடக் கெடு. சம்பளத்தில் ஒரு பகுதி முன்பணம். கெடு முடிந்து கணக்கை ஒப்படைத்துத் திரும்பும்போது லாபத்தில் ஒரு பங்கு. கடிதம் கப்பலில் போய்வர வாரக்கணக்கில் ஆகும் காலம் என்பதால், யாருக்குக் கடன் கொடுக்கலாம், எவ்வளவு வட்டி என்பதை ஏஜென்ட்தான் முடிவு செய்தார். முதலாளி முடிவுகளைக் கேட்கவில்லை, கணக்கைக் கேட்டார்.

மனைவி பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டு மூன்று வருடம் கடல் கடந்து கிடந்த வாழ்க்கையை நான் போற்றவில்லை. பர்மிய விவசாயிகள் அந்தக் கடனில் நிலம் இழந்த வரலாறும் இருக்கிறது. ஆனால் படிப்படியாக ஒருவரை வளர்த்து, வளர்ந்தபின் முழுப் பொறுப்பையும் கொடுத்து, வந்த லாபத்தில் பங்கும் கொடுத்த ஏற்பாடு இன்றைய மென்பொருள் குழுவுக்கு அப்படியே பொருந்துகிறது.

தென்காசியில் இதன் இன்றைய வடிவத்தைப் பார்க்கலாம். ஜோஹோ நிறுவனம் 2011இல் அங்கே, மத்தளம்பாறையில், அலுவலகம் தொடங்கியது. கிராமத்துக் கிளை என்றால் தலைமையகம் ஒதுக்கிவிட்ட மிச்சம்மீதி வேலையைக் கொடுப்பதுதான் வழக்கம். அங்கே அப்படி நடக்கவில்லை. வாடிக்கையாளர் சேவைக்கான ஜோஹோ டெஸ்க் என்ற முழுத் தயாரிப்பே தென்காசியில் உருவாகி, 2016இல் உலகச் சந்தைக்குப் போனது. கல்லூரிப் பட்டம் இல்லாத பள்ளி மாணவர்களையும் டிப்ளமோக்காரர்களையும் உதவித்தொகை கொடுத்துப் பழக்கும் ஜோஹோ பள்ளி, இருபது வருடங்களுக்கு மேலாக நடக்கிறது. பெட்டியடிப் பையன் முறைக்கும் இதற்கும் நான் பெரிய வேறுபாடு காணவில்லை. காரைக்குடி மினி டைடல் பூங்காவிற்கு வரும் நிறுவனங்கள் இங்கே கிளை திறக்கும்போது, தயாரிப்பைக் கொண்டுவருகிறார்களா, டிக்கெட்டை மட்டும் கொண்டுவருகிறார்களா என்பதைப் பொறுத்துத்தான் பையன்கள் தங்குவதும் போவதும் அமையும்.

பத்துப் பேர் அலுவலகத்திலும் இதைச் செய்யலாம். "இந்த ஸ்கிரீனை முடி" என்று துண்டு துண்டாகக் கொடுக்காமல், "சரக்கு இருப்பு முழுவதும் உன்னுடையது, வாடிக்கையாளரிடம் நீயே பேசு, எது முதலில் என்பதை நீயே சொல், ரிலீஸ் நாள் உன் முடிவு" என்று கொடுங்கள். தவறு நடக்கும். நடந்தபின் கூடிப் பேசும்போது யார் செய்தது என்ற கேள்வியையே எடுக்காதீர்கள். எந்தச் சோதனை இருந்திருந்தால் இது பிடிபட்டிருக்கும் என்று கேளுங்கள். ஆளைத் திட்டுகிற அலுவலகத்தில் அடுத்த தவறு மறைக்கப்படும், மறைக்கப்பட்ட தவறு கிளையன்ட் கையில்தான் வெடிக்கும்.

லாபப் பங்கு என்றதும் பயப்பட வேண்டாம். கோயம்புத்தூரின் கோவை.கோ நிறுவனம் மூன்று வருடம் பணியில் இருந்தவர்களுக்கு ஆண்டுச் சம்பளத்தில் பாதியைப் போனஸாகத் தரும் திட்டத்தை 2022இல் அறிவித்து, 2025இல் சொன்னபடி வழங்கத் தொடங்கியது. மூன்று வருடம் என்ற அந்தக் கெடுவைக் கவனியுங்கள். உங்களால் பாதி முடியாவிட்டால் இரண்டு மாதச் சம்பளம் சொல்லுங்கள். எழுத்தில் கொடுங்கள், சொன்ன தேதியில் கொடுங்கள்.

எதை எண்ணக் கூடாது

1982இல் ஆப்பிள் நிறுவனத்தின் லிசா கணினிக் குழுவில், வாரம் எத்தனை வரி நிரல் எழுதினீர்கள் என்று ஒரு படிவத்தில் நிரப்பித்தரச் சொன்னார்கள். குழுவில் இருந்த பில் அட்கின்சன் ஒரு வாரம் ஒரு பகுதியைத் திருத்தி எழுதியதில் அது பல மடங்கு வேகமானது. 2000 வரி குறைந்தும் போனது. படிவத்தில் மைனஸ் 2000 என்று எழுதிக் கொடுத்தார். பிறகு அவரிடம் அந்தப் படிவத்தைக் கேட்பதையே நிறுத்திவிட்டார்கள்.

வரிகளை எண்ணாதீர்கள், நாற்காலியில் உட்கார்ந்த மணிகளை எண்ணாதீர்கள், மூடிய டிக்கெட்டுகளை ஆளுக்கு ஆள் ஒப்பிடாதீர்கள். எண்ண வேண்டியது குழுவின் கணக்கு: கேட்டதிலிருந்து கைக்குப் போக எத்தனை நாள், போனதில் எத்தனை திரும்பி வந்தது. ஆளுக்கு ஆள் வரிசைப்படுத்தி அப்ரைசல் போடும் முறையை மைக்ரோசாஃப்டே 2013இல் கைவிட்டது. பன்னிரண்டு பேர் உள்ள அலுவலகத்தில் அதைத் தொடங்குவது, பக்கத்து இருக்கைக்காரருக்கு உதவி செய்யாதே என்று எழுதி ஒட்டுவதற்குச் சமம்.

ஏஐ கருவிகளைப் பற்றியும் இங்கே சொல்லிவிடுகிறேன். மெட்டர் என்ற ஆய்வு அமைப்பு 2025இல், தங்களுக்கு நன்கு பழகிய திட்டங்களில் வேலை செய்யும் 16 அனுபவசாலிகள் செய்த 246 வேலைகளை வைத்துப் பார்த்தது. ஏஐ துணையோடு செய்த வேலைகள் 19 சதவீதம் அதிக நேரம் எடுத்தன. செய்தவர்களோ, தாங்கள் 20 சதவீதம் வேகமாகச் செய்ததாக நம்பினார்கள். கருவிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. இந்த எண்ணும் மாறலாம். வேகமாக இருப்பதாகத் தோன்றுவதை அளவாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது மாறாது. ஜூனியர்களிடம் ஒரு விதி வையுங்கள்: ஏஐ எழுதித் தந்ததை, ரிவ்யூ செய்பவருக்கு வரிவரியாக விளக்க முடிந்தால்தான் அது உள்ளே போகும்.

ஆறரை மணி பஸ்

உங்கள் அலுவலகத்தின் திறமையான டெவலப்பர்களில் பலர் பள்ளத்தூரிலிருந்தும் புதுவயலிலிருந்தும் தேவகோட்டையிலிருந்தும் தினமும் பஸ்ஸில் வருகிற பெண்களாக இருப்பார்கள். சென்னையில் விடுதியில் தங்கி வேலை பார்க்க வீட்டில் விடாததாலோ, குழந்தை பிறந்தபின் திரும்ப முடியாததாலோ இங்கே வேலை தேடியவர்கள். இவர்களுடைய திறமை உங்களுக்குக் கிடைத்திருப்பது இந்த ஊரில் நீங்கள் இருப்பதால்தான். அதைப் பல முதலாளிகள் மாலை ஆறு மணி மீட்டிங்கால் கெடுத்துக்கொள்கிறார்கள். ஆறு மணிக்குத் தொடங்கும் பேச்சில் எடுக்கப்படும் முடிவுகளில் ஆறரை மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர் இருக்க மாட்டார். இரண்டு வருடத்தில் அவர் லீட் ஆகவும் மாட்டார், காரணம் கேட்டால் "ஆர்வம் காட்டவில்லை" என்று சொல்லப்படும். எல்லா முடிவுகளும் நான்கு மணிக்குள். அமெரிக்க கிளையன்ட் என்றால், பேசியதை எழுதி வையுங்கள். காலையில் எல்லோரும் படித்துக் கருத்துச் சொன்னபின் முடிவாகட்டும். பேறுகால விடுப்பு முடிந்து வருகிறவருக்கு முதல் மாதம் வீட்டிலிருந்தும் பாதி நேரமாகவும் வேலை செய்ய விடுங்கள். அவர் பத்து வருடம் இருப்பார்.

ஊர்த் திருவிழாவையும் ரிலீஸ் அட்டவணையையும் ஒரே காலண்டரில் குறியுங்கள். மீனாட்சிபுரம் முத்துமாரியம்மனுக்கு மாசி பங்குனியில் பால்குடம் எடுக்கிற நாளில் பாதி அலுவலகம் இருக்காது. அன்று ரிலீஸ் வைத்துவிட்டு, வராதவர்களைப் பொறுப்பில்லாதவர்கள் என்று சொல்வது நியாயமில்லை.

மாதம் ஒருமுறை ஒவ்வொருவரிடமும் தனியாக அரை மணி நேரம் பேசுங்கள். அது வேலையின் நிலவரம் கேட்கிற பேச்சு இல்லை. கேட்க வேண்டியது இவ்வளவுதான்: "இந்த மாசம் உங்க வேலையை எது நிறுத்துச்சு? அதுல நான் எடுத்துவிட வேண்டியது எது?" முதல் இரண்டு தடவை "ஒண்ணுமில்ல சார்" என்பார்கள். மூன்றாவது தடவை சொல்வார்கள். சொன்னதில் ஒன்றையாவது அந்த வாரமே சரிசெய்யாவிட்டால் நான்காவது தடவை மறுபடியும் "ஒண்ணுமில்ல சார்"தான்.

வரும் திங்கட்கிழமை வேறெதையும் தொடங்க வேண்டாம். போன மாதம் முடித்த பத்து வேலைகளை எடுத்து, நான்கு கட்டக் கணக்கைக் குழுவோடு உட்கார்ந்து நிரப்புங்கள். அதிக நாள் கிடந்தது எந்தக் கட்டத்தில் என்று அவர்களையே சொல்லவிடுங்கள். அந்த ஒன்றை மாத முடிவுக்குள் சரிசெய்துவிட்டு, பிறகு அடுத்த அத்தியாயத்துக்கு வாருங்கள்.